கேஸ்கெட் இல்லாத இன்ஜின்

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய அம்பாசிடரோ லாரியோ வைத்திருந்தவர்கள் இந்த அரங்கில் கட்டாயம் இருப்பீர்கள். மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருப்பீர்கள். மெக்கானிக் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க" என்று சொல்லியிருப்பார். சிலிண்டர் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகடு போனால் நம் பயணமும் போச்சு. எனக்கே அப்படி எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது.

அந்தத் தகடே இல்லாத ஒரு இன்ஜினைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஆஃபன்ஹவுசர் என்று பெயர், செல்லமாக ஆஃபி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 27 முறை வென்றது. அதில் 1947 முதல் 1964 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள். நான் டீசல் இன்ஜின் வேலையில் இருந்தவன். வேலை விஷயமாக இண்டியானாவில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பந்தயத் தளத்துக்குள்ளேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கார்களைப் பார்க்கப் போனவன், ஸ்டாண்டில் தனியாக வைத்திருந்த ஒரு ஆஃபி இன்ஜினின் முன்னால் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து அதன்மேல் ஒரு பித்து.

முதலில் அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்று 4 கிலோமீட்டர். நான்கு வளைவுகள், நான்குமே இடப்பக்கம். மொத்தம் 200 சுற்று, 800 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1909-ல் 32 லட்சம் செங்கல் பதித்த தளம் அது. இன்று தார் போட்டுவிட்டார்கள், ஆனாலும் தொடக்கக் கோட்டில் ஒரு கெஜ அகலத்துக்குச் செங்கல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள். சும்மா வட்டமடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜினின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சாலையில் நாம் அடிக்கடி பிரேக் போடுகிறோம், இன்ஜினுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. அங்கே அது கிடையாது. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய முழு மூச்சிலேயே ஓட வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு அதிக சக்தி கொடுப்பதைவிட, மூன்று மணி நேரம் உடையாமல் ஓடுவதுதான் பெரிய காரியம்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி மில்லர் என்றொருவர் இருந்தார். 1920-களில் அமெரிக்கப் பந்தய இன்ஜின் என்றால் அவருடையதுதான். அவருடைய பட்டறையை நடத்தியவர் ஃப்ரெட் ஆஃபன்ஹவுசர். வரைபடம் போட்டவர் லியோ கூசன். மோட்டார் படகுக்காக அவர்கள் செய்த ஒரு நான்கு சிலிண்டர் இன்ஜினைக் காரில் வைத்தபோதுதான் ஆஃபியின் வம்சம் ஆரம்பித்தது. 1933-ல் மில்லர் திவாலானார். ஆஃபன்ஹவுசர் வார்ப்புக்கான அந்த மாதிரி அச்சுகளையும் (பேட்டர்ன்) கருவிகளையும் வாங்கித் தன் பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். 1946-ல் லூயிஸ் மேயரும் டேல் டிரேக்கும் அதை வாங்கினார்கள். முதலாளிகள் மாறினார்கள், கூசனின் பென்சில் மாறவில்லை.

இப்போது இன்ஜினுக்குள் போவோம். கோயம்புத்தூரில் பேசுகிறேன், வார்ப்படத் தொழிலில் இருப்பவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள், அதனால் தைரியமாகச் சொல்லலாம். ஆஃபியில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. சிலிண்டர், அதைச் சுற்றித் தண்ணீர் போகும் வழி, மேலே வால்வுகளுக்கான வழி, எல்லாம் ஒரே துண்டு. உள்ளே குழிவு விடுவதற்கு எத்தனை கோர் வைத்து வார்த்திருப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஹெட் தனியாகக் கழன்று வராது. அப்படியானால் வால்வை எப்படிப் போடுவது? சிலிண்டருக்குக் கீழ்ப்பக்கமாகக் கையை விட்டு, உள்ளிருந்துதான். வால்வு உட்காரும் இடத்தைத் தேய்ப்பதும் அப்படியேதான். குடத்துக்குள் கையை விட்டு, அடியைப் பளபளவென்று தேய்ப்பதைப் போன்ற வேலை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட்டும் கீழே இருந்து மாட்டுவது கிடையாது. உருளை மாதிரியான கூட்டுக்குள், பேரிங் தாங்கிகளோடு சேர்த்து, ஒரு முனையிலிருந்து உள்ளே தள்ள வேண்டும்.

மெக்கானிக்குக் கஷ்டம்தான். ஆனால் கசியக்கூடிய அந்த ஒரு இணைப்பு அடியோடு போய்விட்டது.

மற்றபடி ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலே வால்வுகளைத் திறந்து மூட இரண்டு கேம்ஷாஃப்ட், அவற்றைச் சுழற்றப் பல்சக்கர வரிசை. சங்கிலி, பெல்ட் எதுவும் இல்லை. 4.2 லிட்டர், நான்கே சிலிண்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சிலிண்டர் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் வருகிறது. நம்முடைய மாருதி 800-ன் முழு இன்ஜினே 796 சிசி தான்! அத்தனை பெரிய பிஸ்டன் நான்கு மேலும் கீழும் போனால் வண்டி எப்படி அதிரும்? ஓட்டுநர்கள் அந்த அதிர்வோடுதான் 200 சுற்றும் ஓடினார்கள்.

எரிபொருள் மெத்தனால். அது ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் உள்ளே போகும் காற்று குளிரும். கட்டுமீறி வெடிக்காமல் அதிக அழுத்தத்தைத் தாங்கவும் செய்யும். தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்கலாம், ஆனால் பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது.

1957-ல் ஜார்ஜ் சாலி என்பவர் தன் வீட்டிலேயே ஒரு கார் கட்டினார். ஆஃபியை நிமிர்த்தி வைக்காமல் கிட்டத்தட்டப் படுக்கவைத்துவிட்டார். கார் தாழ்ந்தது, காற்றின் எதிர்ப்பு குறைந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அதே கார்தான் ஜெயித்தது.

அப்புறம் பின்பக்க இன்ஜின் வந்தது. 1965-ல் ஜிம் கிளார்க், ஓட்டுநருக்குப் பின்னால் எட்டு சிலிண்டர் ஃபோர்டு வி8 வைத்த லோட்டஸ் காரில் வென்றார். ஆஃபியின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நான் ஆஃபியை நேசிப்பதற்கான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1966-ல் டிரேக்கின் ஆட்கள் இன்ஜினை 2.75 லிட்டராகச் சுருக்கி, அதில் டர்போ மாட்டினார்கள். டர்போ என்றால் வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. காற்றை அமுக்க அமுக்க சக்தி கூடும், சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். சாதாரண இன்ஜினில் அப்போது முதலில் போவது எது? ஹெட் கேஸ்கெட்! ஆஃபியில்தான் அது கிடையாதே. படகு இன்ஜின் காலத்தில், பந்தயக் காரில் டர்போ வைப்பதை யாரும் யோசிக்காதபோது எடுத்த ஒரு முடிவு, ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து அதைக் காப்பாற்றியது. 1968-ல் பாபி அன்சர் வென்றார், டர்போ இன்ஜினுக்கு இண்டியானாபொலிஸில் அதுதான் முதல் வெற்றி. 1973 வாக்கில் தகுதிச் சுற்றுகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் உள்ளே தள்ளி, 1000 குதிரைத்திறனையும் தாண்டினார்கள்.

அதற்கான விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1973-ல் பயிற்சியின்போது ஆர்ட் போலார்ட் இறந்தார். பந்தயத்தில் ஸ்வீட் சாவேஜின் கார் நொறுங்கி எரிந்தது, ஒரு மாதம் கழித்து அவரும் போனார். உதவிக்கு ஓடிய ஒரு இளைஞர் தீயணைப்பு வண்டி மோதி உயிரிழந்தார். மறு ஆண்டிலேயே டர்போவின் அழுத்தத்துக்கு வால்வு வைத்து வரம்பு கட்டினார்கள். அதை முன்பே செய்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

1976-ல் மழை வந்து 102 சுற்றோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். ஆஃபி காரில் முன்னணியில் இருந்த ஜானி ரூதர்ஃபோர்டு, பரிசு மேடைக்கு நடந்தே போனார். அதுதான் ஆஃபியின் 27-ஆவது வெற்றி, கடைசி வெற்றியும் அதுவே. 1978 முதல் பத்து ஆண்டுகள் காஸ்வொர்த் வி8-ன் ராஜ்ஜியம்.

போகிற போக்கில் நோவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் கூசன் கைபட்ட இன்ஜின்தான். சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினே சுழற்றும் காற்றமுக்கி, வைத்த வி8, 1941-லிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை முயன்றும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் அதன் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஜனங்கள் காத்திருந்தார்கள்.

இரண்டின் ஒலிப்பதிவையும் கொண்டுவந்திருக்கிறேன். தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் வருவது ஆஃபி, அடித்தொண்டையில் கரகரவென்று இருக்கும். அடுத்து நோவி, அது வீல் என்று அலறும். கேளுங்கள்.