மாருதி ஒரு மீட்டர் நீள எத்தனை வருஷம் ஆனது?

வணக்கம். காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி. காரமடையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிற்கிறேன். இந்தப் பக்கம் நிற்பது அப்பாவுடைய மாருதி 800, 1998 மாடல். அந்தப் பக்கம் நிற்பது நண்பரிடம் ஒரு நாளைக்கு வாங்கி வந்த கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட், பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற வண்டி. இரண்டுக்கும் மூக்கு ஒரே கோட்டில் இருக்கும்படி நிறுத்தியிருக்கிறேன். பின்பக்கத்தை மட்டும் பாருங்கள்.

கொத்தனாரிடம் இரவல் வாங்கிய டேப் இது. 800-க்குப் பிடிக்கிறேன்... 333 சென்டிமீட்டர், அப்புறம் ஒரு அரை. இப்போது அங்கே... 434 அரை. ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும் அதிகம். அகலம் 144-க்கு 179 அரை. அதாவது ஒரு அடிக்கு மேலேயே பருத்திருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி. இன்றைக்குப் பேசப்போவது அந்த ஒரு மீட்டரைப் பற்றித்தான்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். அம்பாசடரையும் பத்மினியையும் விட்டால் வேறு கதி இல்லாத நாட்டில், சோக்கை, அதாவது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் குமிழை, இழுத்தால் உடனே உயிர் பிடிக்கிற ஒரு வண்டி. எங்கள் வீட்டு வண்டி பிந்தைய மாடல், ஆனால் சோக் இன்னும் இருக்கிறது, இதோ. நாலு கியர். கோத்தகிரி ஏறும்போது ஹேர்பின் வளைவு வருகிறது என்றால் அப்பா முதலில் தொடுவது ஹாரன் இல்லை, ஏசி பொத்தான். இன்ஜின் திணறக் கூடாது என்று அதை அணைத்துவிட்டுத்தான் திருப்புவார். 800 வைத்திருந்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் கையில் ஊறியிருக்கும்.

சின்ன கார் செய்து பேர் வாங்கிய கம்பெனிக்குப் பெரிய கார் செய்யும் ஆசை எப்போது வந்தது? இப்போதுதான் என்று நினைப்போம். இல்லை, 1990-லேயே வந்துவிட்டது. மாருதி 1000. டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் முழு செடான். அன்றைக்கு அதை வாங்கக் குலுக்கல் நடந்தது, நம்புவீர்களா? பணம் கட்டிவிட்டு, சீட்டு விழுமா என்று காத்திருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்தது 970 சிசி இன்ஜின், 46 குதிரைத் திறன்தான். பெரிய வேட்டி, சின்ன இடுப்பு. 1994-ல் அதே உடம்புக்குள் 1.3 லிட்டர் இன்ஜினை வைத்து எஸ்டீம் என்று விட்டார்கள். அது ஓடியது, நன்றாகவே ஓடியது.

அதற்கு மேல் கால் வைத்த ஒவ்வொரு முறையும் வழுக்கியது. 1999-ல் பலேனோ. இப்போது தெருவுக்குத் தெரு பார்க்கிற பலேனோ இல்லை, அது 1.6 லிட்டர் செடான். ஹோண்டா சிட்டி 1998-லேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் காசைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஹோண்டாதான் கண்ணில் பட்டது. 2003-ல் கிராண்ட் விட்டாரா எக்ஸ்எல்-7 என்று ஒன்று, ஆறு சிலிண்டர், இறக்குமதி. பெட்ரோல் பங்க்காரருக்கு மட்டும் சந்தோஷம். 2007-ல் எஸ்எக்ஸ்4, அது பரவாயில்லை.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது கிசாஷி பற்றி. 2011 பிப்ரவரியில் வந்தது. 2.4 லிட்டர் பெட்ரோல், ஜப்பானிலிருந்து முழுதாக இறக்கியது, விலை 16 லட்சத்துக்கு மேல். ஓட்டியவர்கள் அதைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. கெட்டது வண்டியால் இல்லை, நேரத்தால். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது, டீசலுக்கு மானியம் அப்படியே இருந்தது. நாடே டீசல் பின்னால் ஓடிய நேரத்தில் பெட்ரோல் மட்டும் குடிக்கிற ஒரு பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவும் எங்கே? ஆல்ட்டோ விற்கிற அதே ஷோரூமில். 16 லட்சம் கொடுக்க வந்தவர் பக்கத்து நாற்காலியில், மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு சீட் கவர் இலவசமா என்று பேரம் பேசுகிறார். பேரம் பேசுபவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, நானும் கேட்பேன். ஆனால் 16 லட்சக்காரர் எழுந்து போய்விடுவார். மூன்று வருஷத்தில் கிசாஷி காணாமல் போனது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம் இல்லையா, மாருதியும் அதைச் செய்கிறது. ஓடாத செடானின் பெயரான பலேனோ 2015-ல் டிக்கி துருத்தாத ஒரு ஹேட்ச்பேக் காருக்குப் போனது. பேரன் கொடி நாட்டிவிட்டான். கிராண்ட் விட்டாராவும் அப்படித்தான், இது மறுபிறவி.

சரி, ஷோரூம் பிரச்சினை கம்பெனிக்குப் புரியாமல் இல்லை. 2015 ஜூலையில் நெக்ஸா என்று தனிக் கடை திறந்தார்கள். கருப்பு வெள்ளை அலங்காரம், கோட்டு போட்ட பையன்கள், காப்பி. அங்கே முதல் வண்டி எஸ்-கிராஸ், ஆகஸ்டில். 1.6 லிட்டர் டீசல், நெடுஞ்சாலையில் அருமையான வண்டி, நான் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் நம் ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா வெளியே வந்திருந்தது. கிரெட்டா நின்றால் எஸ்யூவி மாதிரி நிற்கும். எஸ்-கிராஸ் நின்றால் உயரமான கார் மாதிரி நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆட்டம் முடிந்தது. சில மாதங்களிலேயே அந்த 1.6 டீசலின் விலையை 2 லட்சத்துக்கு மேல் குறைத்தார்கள். முதல் வாரமே ஆசையாக வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் வரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2006 பட்ஜெட்டில் சின்ன கார் என்றால் என்ன என்று கோடு போட்டார்கள். நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். அதற்குக் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதமாக இறங்கியது. அந்தக் கோட்டுக்காக வண்டிகளையே வெட்டினார்கள். டிசையர் முதலில் நாலு மீட்டரைத் தாண்டி இருந்தது. 2012-ல் வாலை நறுக்கி 3995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். 2016-ல் வந்த விட்டாரா பிரெஸ்ஸாவும் அதே 3995. பெரிய வண்டி தோற்றம், சின்ன வண்டி வரி. மாருதிக்குப் பெரிய வண்டி விற்க வந்தது என்றால் அது இப்படிப் பாதி பெரிதாக இருக்கும்போதுதான். 2012-ல் வந்த எர்டிகாவும் அந்த வகை என்றுதான் சொல்வேன். நாலு மீட்டரைத் தாண்டியது, ஏழு பேர் உட்காரலாம், ஆனால் குணம் என்னவோ நீட்டி வைத்த ஸ்விஃப்ட். பழனிக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம் 2020 ஏப்ரல். பிஎஸ்6 என்ற புது மாசு விதி வந்தது, மாருதி டீசலையே விட்டுவிட்டது. சின்ன டீசல் இன்ஜினை அந்த விதிக்கு ஏற்ப மாற்றினால் விலை கட்டுப்படியாகாது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் ஜனங்கள் அந்த நேரத்தில் எஸ்யூவி பக்கம் கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் என்று எதிர் வரிசை நீண்டுகொண்டே போனது. 2018-19-ல் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் மாருதி. 2024-25-ல் அது 41 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. சின்ன காரின் விலையும் ஏறிவிட்டது. மாசு விதி, பாதுகாப்பு விதி, எல்லாம் நல்லதற்குத்தான், ஆனால் பைக்கிலிருந்து காருக்கு மாறுகிறவருக்குப் படிக்கட்டு உயர்ந்துவிட்டது. கம்பெனித் தலைவர் ஆர்.சி. பார்கவா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். பெரிய கார் செய்வது ஆசையாக இருந்தது போய், கட்டாயமாகிவிட்டது.

கொஞ்சம் இருங்கள், லாரி போகட்டும்.

சரி. இந்த கிராண்ட் விட்டாரா 2022 செப்டம்பரில் வந்தது. மாருதி பேட்ஜ் இருக்கிறதே தவிர, தயாராவது பெங்களூரு பக்கம் பிடதியில், டொயோட்டா ஆலையில். டொயோட்டாவின் ஹைரைடர் இதன் இரட்டை. ஹைப்ரிட்டுக்குள் இருக்கும் 1.5 லிட்டர் இன்ஜினும் டொயோட்டாவுடையதே. இந்த இரண்டு கம்பெனிக்கும் நடப்பது பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம். பலேனோ அங்கே போய் கிளான்ஸா ஆனது. அங்கிருந்து இன்னோவா ஹைகிராஸ் இங்கே வந்து இன்விக்டோ ஆனது.

உள்ளே உட்கார்கிறேன். ஸ்டார்ட் செய்துவிட்டேன். கேட்கிறதா? கேட்காது, இன்ஜின் ஓடவில்லை. மெதுவாக நகர்த்துகிறேன், இதுவும் பேட்டரிதான். வெளியே சார்ஜ் போட ஒயர் எதுவும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் தானே நிரப்பிக்கொள்கிறது. நேற்று மாலை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன், பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துவிட்டது. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். எனக்கு மலையும் ஊரும் கலந்து 22 சொச்சம் காட்டியது. இந்த உடம்புக்கு அது மலிவு.

குறையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி டிக்கிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் டிக்கித் தரை மேடாகிவிட்டது. இரண்டு பெரிய பெட்டி வைத்தால் மூன்றாவது மடியில்தான். மேட்டில் காலை அழுத்தினால் இன்ஜின் இரைச்சல் வேகத்தைவிட முந்திக்கொண்டு வருகிறது. ஏசியை மட்டும் அணைக்க வேண்டாம்.

முப்பது வருஷத்துக்கு மேலான தடுமாற்றத்துக்குப் பிறகு இது ஏன் விற்றது என்று யோசித்தேன். கிசாஷிக்கும் எக்ஸ்எல்-7-க்கும் ஒரே வியாதி. மாருதி வாங்குகிறவர் கேட்கிற முதல் கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? அதுதான் கேள்வி. எட்டு கொடுக்கும் என்று சொன்னால் அவர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விடுவார். கிராண்ட் விட்டாரா பெரிய வண்டியாக இருந்துகொண்டு அந்தக் கேள்விக்கு 800-இன் பதிலைச் சொல்கிறது. 800 ஓட்டிய மனிதர் இருபது வருஷத்தில் சம்பளம் ஏறி, இடுப்பும் ஏறி, அதே கேள்வியோடு திரும்ப வருகிறார். அவருக்காகச் செய்த வண்டி இது.

ஆனால் எல்லாப் பெரிய வண்டிக்கும் இது பொருந்தவில்லை. இன்விக்டோ 2023 ஜூலையில் 24.79 லட்சத்தில் ஆரம்பித்தது. நல்ல வண்டி, 23 கிலோமீட்டர் சொல்கிறார்கள், ஆனால் எங்கள் சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் காசுக்கு இன்னோவான்னே எழுதியிருக்கிறதை வாங்கிட்டுப் போறேன், எதுக்குடா இது?" எனக்கும் பதில் தெரியவில்லை. அதே வருஷம் வந்த ஐந்து கதவு ஜிம்னியைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

பாதுகாப்பைப் பற்றி கமெண்டில் எப்படியும் கேட்பீர்கள். மாருதியின் சின்ன காரான எஸ்-பிரஸ்ஸோ 2020-ல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் பூஜ்ஜியம் வாங்கியது, அந்தக் கறை கம்பெனி மேல் ரொம்ப நாள் இருந்தது. 2024-ல் புது டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2025 செப்டம்பரில் வந்த விக்டோரிஸும் ஐந்து.

அந்த விக்டோரிஸ்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கிராண்ட் விட்டாராவைவிட ஒரு விரல் நீளம் அதிகம், 4360 மில்லிமீட்டர். எங்கே விற்கிறார்கள்? நெக்ஸாவில் இல்லை. மாருதியின் சாதாரண ஷோரூமான அரீனாவில், ஆல்ட்டோ நிற்கிற அதே தரையில். கிசாஷி செத்த இடத்தில். இந்தத் தடவை யாரும் எழுந்து போகவில்லை. சிஎன்ஜி வண்டியில் சிலிண்டரை அடியில் வைத்து டிக்கியைக் காலியாக விட்டிருக்கிறார்கள், எங்கள் ஊர் ஆட்கள் ஷோரூமில் முதலில் டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள்.

அதே செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டியும் மாறியது. சின்ன காருக்கு 18, பெரியதற்கு 40. முன்னே சின்ன பெட்ரோல் காருக்கு செஸ்ஸோடு 29 இருந்தது. ஆக, பெரிய காருக்கு மாறத் தலைகீழாக நின்று கற்றுக்கொண்ட கம்பெனிக்கு, சின்ன காரை மறுபடி விற்கச் சொல்லி அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. பார்ப்போம்.

அப்பா வருகிறார். இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டார். டேப்பை வாங்கி கிராண்ட் விட்டாராவின் அகலத்தை அவரே இன்னொரு முறை பிடிக்கிறார், நான் பிடித்ததில் நம்பிக்கை இல்லை. "நம்ம கேட்டுக்குள்ள நுழையாதே" என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். எங்கள் வீட்டு கேட் 800-ஐ அளந்து போட்டது. வெயில் ஏறிவிட்டது, அவர் வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார், நான் போய்க் கை கொடுக்கிறேன்.