99 வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

குடும்ப வரலாற்றுக்காகப் பூட்டனைத் தேடுகிறவர்கள் பலர் முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களையே 2022-இல் திறந்துவிட்டார்கள். பெயர், வயது, தொழில் எல்லாம் அதில் உண்டு. இங்கே அந்த ஆசை வேண்டாம். 1948 இந்தியக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வீடு வீடாக எழுதிய ஏட்டை யாருக்கும் காட்டாது. திருவிதாங்கூர் 1875 முதல் எடுத்த கணக்கின் அச்சிட்ட அறிக்கைகளில் தாலுகாவின் தலைக்கணக்கு இருக்கும், பூட்டன் பெயர் இருக்காது.

ஆகவே சாவிலிருந்து தொடங்குங்கள். அதற்கு வருஷம் சரியாக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய ஏடு, ஆதாரம் (சொத்துப் பத்திரம்), கல்லறைக் கல் எல்லாவற்றிலும் பெரும்பாலும் கொல்லம் ஆண்டுதான். அது ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. 1099 ஐப்பசி என்றால் 1923; அதே 1099 ஆடி என்றால் 1924, திருவிதாங்கூரை மூழ்கடித்த 99 வெள்ளம் அப்போதுதான் வந்தது. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில வருஷத்தில் கால் வைக்கும், தேதியைப் பார்க்காமல் கூட்டாதீர்கள். வீட்டில் மூத்தவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் தடுமாறுவார்கள். “வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஏடு. கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்குக் கோவிலின் மரண ஏட்டை முதலில் பாருங்கள். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல்தான் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது, அதற்கு முந்தியதற்குக் கொல்லத்திலும் கேட்க நேரலாம் என்பதும் நினைவிருக்கட்டும். அரசு இறப்புப் பதிவில் தேடக் கேட்கும்போது பெயரோடு வீட்டுப்பெயர், தேசம் (ஊர்), பழைய பகுதியின் (வருவாய்க் கிராமத்தின்) பெயர் மூன்றையும் கொடுங்கள். சொன்ன வருஷத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருஷம் பார்க்கச் சொல்லுங்கள். தாமதமாகப் பதிந்திருந்தால் வேறு பக்கத்தில் கிடக்கும். நகலில் சாவுக்கான காரணம் வராது, சட்டமே அதைத் தடுக்கிறது. எழுத்தரிடம் சண்டை வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாமன் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பங்களில் ஆதாரத்தில் பெயருக்கு முன்னால் நிற்பவர் அப்பாவாக இருக்க வேண்டியதில்லை, தாய்மாமனாக இருக்கலாம். நாஞ்சில்நாட்டு வேளாளருக்கு வாரிசுரிமைச் சட்டம் வந்ததே கொல்லம் 1101-இல்தான். அதைத் தெரியாமல் அப்பா என்று எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை முழுக்க வேறு குடும்பத்துக்குப் போய்விடும். பாகப்பிரிவினை ஆதாரத்தில் பங்குதாரர் எல்லாருடைய பெயரும் வரிசையாக நிற்கும், அதை வைத்துச் சரிபாருங்கள்.

வயதை நம்பாதீர்கள். 60, 65, 70 என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதாகவே கொள்ளலாம். ஞானஸ்நான ஏடு இருந்தால் அதுதான் தீர்ப்பு. பார்த்த ஏட்டின் வருஷம், பக்கம், வரிசை எண் மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் வந்தால் அடுத்த முறை முதல் பக்கத்திலிருந்துதான் புரட்ட வேண்டும்.