கட்டியின் நடுவை விட்டு ஓரத்தைப் பாருங்கள்: வாய்ப் புற்றும் செல் சவ்வுப் புரதங்களும்

அவைக்கு வணக்கம். பல் மருத்துவமும் நோயியலும் படிக்கும் உங்களிடம் ஒன்றையே வலியுறுத்த வந்திருக்கிறேன். வாய்ப் புற்றுநோய் எப்படிப் பரவும் என்று அறிய வேண்டுமானால், கட்டி ஆழத்தில் இறங்கும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே செல் சவ்வில் எந்தப் புரதம் இருக்கிறது, எது போய்விட்டது என்று தேடுங்கள்.

நலமான கன்னத்தின் உட்பரப்பில் செல்களைச் சேர்த்துப் பிடிப்பது இ-கேட்ஹெரின் என்ற சவ்வுப் புரதம். அதன் வெளிப்பகுதி கால்சியத்தின் துணையோடு பக்கத்துச் செல்லின் இ-கேட்ஹெரினைப் பற்றுகிறது. உட்பகுதி கேட்டெனின்கள் என்ற இணைப்புப் புரதங்கள் வழியாக, செல்லின் உட்சட்டமான ஆக்டின் இழைகளோடு கட்டுண்டிருக்கிறது. கட்டியின் ஓரத்தில் இந்தப் பிடி தளர்கிறது. பெரும்பாலும் மரபணு அப்படியே இருக்கும். ஸ்னெயில், ஸ்லக் போன்ற புரதங்கள் அதை அடக்கியிருக்கும், அல்லது மரபணுவை இயக்கும் புரோமோட்டர் பகுதியில் மெத்தில் என்ற வேதிக்குறி ஏறி அதை அணைத்திருக்கும். அடக்கியது விலகினால் புரதம் திரும்ப வரும். கழுத்து நெறிக்கட்டிக்குப் போய்ச் சேர்ந்த செல்களில் இ-கேட்ஹெரின் மீண்டும் தெரிவது இதனால்தான். இன்னொன்று: 2017-ல் வெளியான தனிச்செல் ஆர்.என்.ஏ. ஆய்வில், ஓரத்துச் செல்கள் பிடிப்பை விட்டு நகரும் வகையாக முழுதும் உருமாறாமல், பாதி மாறிய நிலையிலேயே முன்னேறுவது தெரிந்தது. ஆகவே இ-கேட்ஹெரின் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, பரவாத கட்டி என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற இன்டெக்ரின், அதாவது செல்லைச் சுற்றுப்புறத்தோடு இணைக்கும் சவ்வுப் புரதம். நலமான வாய்த்தோலில் இதைக் காண்பது அரிது. புண் ஆறும்போது தோன்றி மறையும், புற்றில் மறையாமல் தங்கிவிடும். உறங்கிக் கிடக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை இது எழுப்புகிறது. அந்த டி.ஜி.எஃப்-பீட்டாதான் ஸ்னெயிலைத் தூண்டி இ-கேட்ஹெரினைக் குறைக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் இந்த இன்டெக்ரினை வாய்ச் செல்களில் கூட்டுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். பாக்கு மெல்பவர்களுக்கு வாய் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸுக்கும் இந்த இன்டெக்ரினுக்கும் தொடர்பு உண்டு. புகையிலை கலக்காத பாக்கு தீங்கற்றது என்று சொல்வோரை நீங்கள் மறுத்துப் பேச வேண்டும்.

பிடி விட்ட செல்லுக்கு வழி வெட்டித் தருவது சவ்வில் பதிந்த எம்.டி.1-எம்.எம்.பி. என்ற நொதி. இது திசுவைத் தாங்கும் கொலாஜன் நாரைத் தானே அறுக்கிறது, எம்.எம்.பி.-2 நொதியையும் முடுக்கிவிடுகிறது.

இவ்வளவும் ஓரத்தில் நடப்பதால் பயாப்ஸி எடுக்கும் இடம் முக்கியம். புண்ணின் நடுவில் எடுத்தால் அழுகிய திசுதான் வரும். நலமான பகுதியும் சேர, ஆழமாக எடுங்கள். உடனே திசுவைப் போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் போடுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் உட்பகுதி பதப்படாது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் ஆன்டிஜென் (சாயம் பற்ற வேண்டிய புரதப் பகுதி) மறைபட்டு, இருக்கும் புரதமும் இல்லாததுபோல் தெரியும். 4 மைக்ரான் சீவலில் இ-கேட்ஹெரினைக் காட்டும் சாயம் சவ்வை ஒட்டிக் கோடாகத் தெரிய வேண்டும். சைட்டோபிளாசத்தில் கலங்கித் தெரிவது வேறு. இரண்டையும் கூட்டிக் கணக்கிடாதீர்கள். பக்கத்து நலமான தோலிலேயே சாயம் ஏறவில்லை என்றால் அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

அறிக்கையில் கட்டி திசுவுக்குள் இறங்கிய ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஆழம் 5 மி.மீ. தாண்டினால் அது டி-2, அதாவது கட்டி வகைப்பாட்டில் இரண்டாம் படி. கழுத்தில் கட்டி தட்டுப்படாத ஆரம்ப நிலையிலேயே நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் 3 ஆண்டு உயிர்பிழைப்பு 80 சதவீதம், காத்திருந்து பிறகு எடுத்தால் 67.5 சதவீதம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-ல் காட்டியது.

மருந்துகளின் இலக்கும் சவ்வில்தான். வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் பெரும்பாலான கட்டிகளில் மிகுந்திருக்கிறது. அதனாலேயே அதன் அளவை வைத்து, அதை மறிக்கும் செடுக்சிமாப் மருந்து யாருக்குப் பலிக்கும் என்று சொல்ல முடிவதில்லை. பி.டி.-எல்1 புரதத்தைக் கொண்டு கட்டி, நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்களை அடக்குகிறது. டி-செல்லின் பக்கமிருக்கும் பி.டி.-1 என்ற ஏற்பியை நிவோலுமாப் மருந்து மறித்தால் அந்த அடக்குமுறை தளரும். அதன் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாதது. டாடா மருத்துவர்கள் 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மி.கி. மட்டும் கொடுத்தார்கள், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகளோடு இதைச் சேர்த்தபோது, முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளில் ஓராண்டு உயிர்பிழைப்பு, மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களின் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது.