கன மில்லிமீட்டர் முதல் கன கிலோமீட்டர் வரை

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, கரைக்கு வந்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் மீனவ உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நம் முன்னோர் அளந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பெருக்கல் இருந்ததால், மனப்பாடம் செய்யாமல் யாரும் தப்ப முடியாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாம் ஏற்ற மெட்ரிக் முறையில் எல்லாமே பத்தின் அடுக்குகள். ஆகவே எளிது என்று அசட்டையாக இருந்துவிடுகிறோம், சறுக்குவது அங்கேதான்.

சறுக்கியவர்களில் நானும் ஒருவன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கன கிலோமீட்டருக்கு எத்தனை கன மீட்டர் என்று ஒரு மாணவி கேட்க, கிலோ என்றால் ஆயிரம் என்ற பழக்கத்தில் ஆயிரம் என்றே கரும்பலகையில் எழுதிவிட்டேன். “ஆயிரம் கன மீட்டர்னா பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், பத்து மீட்டர் ஆழம். எங்க ஊருணிக்கே பத்தாதே சார்” என்றாள் அவள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

கன கிலோமீட்டர் என்னும்போது கிலோ முதலில் மீட்டரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கிலோமீட்டர் முழுவதும் கனமாகிறது. ஆகவே 1000-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 100 கோடி கன மீட்டர். கிலோலிட்டர் அப்படியன்று. லிட்டர் ஏற்கெனவே கொள்ளளவு என்பதால், அதன் முன் நிற்கும் கிலோ ஒரே ஒருமுறைதான் பெருக்கும். ஒரு கிலோலிட்டர் என்பது 1000 லிட்டர், அதாவது சரியாக ஒரு கன மீட்டர். இந்தச் சரிநிகர் முன்பு இல்லை என்பது ஒரு சுவையான செய்தி. 1901இல் லிட்டரை ஒரு கிலோகிராம் தூய நீர் அடைக்கும் இடம் என்று வரையறுத்ததால், அது கன டெசிமீட்டரைவிட, அதாவது கன மீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட, பத்து லட்சத்தில் 28 பங்கு கூடுதலாக இருந்தது. 1964இல் அந்த வரையறையைக் கைவிட்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

சிறிய முனையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கடல் மிதவை நுண்ணுயிர்களை எண்ணப் பயன்படும் செட்ஜ்விக் ராஃப்டர் கண்ணாடித் தகட்டைப் பாருங்கள். அதன் குழி 50 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆழம். பெருக்கினால் 1000 கன மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டர். அடித்தளத்தில் ஆயிரம் கட்டங்கள் கீறப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் நிற்கும் நீர் ஒரு கன மில்லிமீட்டர். மைக்ரோலிட்டர் என்பதும் அதுவே. நூறு லிட்டர் கடல்நீரை வலையில் வடித்து நூறு மில்லிலிட்டராகச் சுருக்கினோம் என்று வையுங்கள். இப்போது குழியில் உள்ள ஒரு மில்லிலிட்டர், கடலில் ஒரு லிட்டருக்குச் சமம். அதில் 60 உயிர்களை எண்ணினால், கடலில் ஒரு கன மீட்டருக்கு 60,000.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக்கு வருவோம். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலமுள்ள பாத்தியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சென்டிமீட்டரை மீட்டராக்கிய பிறகே பெருக்க வேண்டும்: 10 × 8 × 0.05 என்றால் 4 கன மீட்டர், 4000 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் என்பதால், பாத்தியில் கரைந்திருப்பது ஏறத்தாழ 140 கிலோ. (உண்மையில் செறிந்த நீரைத்தான் பாத்திக்கு விடுவார்கள்; உப்பளத்துக்காரர்கள் என் கணக்கைப் பொறுத்தருள்க.)

பெரிய முனை நமக்கு வடக்கே கிடக்கிறது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டியதே. பத்துக் கிலோமீட்டர் நீளம், பத்துக் கிலோமீட்டர் அகலம், பத்து மீட்டர் ஆழமுள்ள நீர்தான் ஒரு கன கிலோமீட்டர். லிட்டரில் ஒரு லட்சம் கோடி. கண்ணாடித் தகட்டின் ஒரு கட்டத்து நீரால் இதை அளந்தால், ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் போட வேண்டும்.

செய்தித்தாளில் வரும் டி.எம்.சி. இந்த வரிசையில் சேராது. அது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர் என்பதால், ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2.83 கோடி கன மீட்டர். அதையும் நம் மழையோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் அதுவே 1000 கன மீட்டர். சுமார் 4100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் ஒரு சென்டிமீட்டர் மழை சீராகப் பெய்தால், விழும் நீர் 4.1 கோடி கன மீட்டர். ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. அதில் எவ்வளவு கண்மாய்க்குப் போய்ச் சேர்கிறது என்பதை, வரத்துக்கால்களைப் பார்த்துவிட்டு வந்து நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.