டொக்கு விழுந்த கன்னம்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். கல்யாண ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்தது. பின்புறத்தில் ஆல்பத்தின் கறுப்புத் தாள் துணுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. “இந்த முகம் திரும்ப வருமா டாக்டர்?” என்று கேட்டார்.

தையல் வேலை செய்பவர். வயது நாற்பதைத் தாண்டவில்லை. பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். கன்னம் டொக்கு விழுந்து, நெற்றிப்பொட்டு குழிந்து, கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. “ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று யாராவது கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட்காமல் பார்க்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை” என்றார்.

அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. ஆனால் கன்னத்தைக் கரைத்ததில் பெரும்பங்கு, அவர் உயிரைக் காத்த மருந்துக்கே உண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. அன்றைய கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்ற மாத்திரை பலருக்குத் தரப்பட்டது. விலை குறைவு, பலன் உறுதி. எத்தனையோ பேரை அது எழுந்து நடக்க வைத்தது. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கொழுப்புச் செல்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அது மெல்லச் சிதைத்தது. செல்கள் மடிந்தன. கை, கால், முகம் எல்லாம் ஒட்டிப்போயின. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இன்று தரப்படும் மாத்திரைகளில் அது இல்லை. ஆகவே இதைக் கேட்டுப் பயந்து யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்தை மாற்றியபின் கொழுப்பு கொஞ்சம் திரும்பும். ஆனால் வெகு மெதுவாக, முழுமையாக இல்லாமல்.

அவருடைய வயிற்றில் கொழுப்பு மிச்சம் இருந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் வைக்க முடிவுசெய்தோம். தொப்புளுக்கு அருகே நெல்மணி அளவு துளையிட்டு, மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரைச் செலுத்தி, முனை மழுங்கிய குழாயால் கொழுப்பை உறிஞ்சினோம். நியூயார்க் மருத்துவர் சிட்னி கோல்மன் 1990-களில் செம்மைப்படுத்திய முறைப்படி, கொழுப்பு நிறைந்த சிரிஞ்சை இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால் உள்ளே இருப்பது மூன்றாகப் பிரியும். மேலே உடைந்த செல்களின் எண்ணெய், அடியில் ரத்தமும் நீரும், நடுவில் வெண்ணெய்போல மஞ்சளான உயிருள்ள கொழுப்பு. அந்த நடு அடுக்குதான் நமக்கு வேண்டியது.

அதை முகத்தில் வைப்பது நாற்று நடுவதுபோல. நாற்றைக் கட்டோடு சேற்றில் அமுக்கினால் நடுவில் இருப்பவை அழுகிவிடும். பிரித்துப் பிரித்து நட்டால்தான் வேர் பிடிக்கும். கொழுப்புக்கும் முதல் சில நாள்கள் சுற்றிலும் கசியும் நீர்தான் உணவு. புதிய ரத்தக் குழாய் வந்து சேரும்வரை உருண்டையின் நடுப்பகுதி தாங்காது. அதனால் குழாயைப் பின்னுக்கு இழுக்கும்போதே, ஓர் இழுப்புக்குப் பத்தில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாக, எலும்பை ஒட்டியும் தோலை ஒட்டியும் வெவ்வேறு ஆழத்தில் வைக்கிறோம். 1893-லேயே ஜெர்மனியின் குஸ்டாவ் நாய்பர் கைக்கொழுப்பால் முகத்தழும்பின் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார். அவரும் சிறு துண்டுகளைத்தான் நம்பினார்.

வைத்ததெல்லாம் தங்காது. பாதிகூடக் கரையலாம். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். பிடரியில் திரண்ட கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்த சிலருக்கு, அது அங்கேயும் வளர்ந்து கன்னம் உப்பிப்போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எங்கிருந்து எடுத்தோமோ அந்த இடத்தின் குணத்தைக் கொழுப்பு மறப்பதில்லை. இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன். புருவ நடுவிலும் மூக்கருகிலும் கொழுப்பு தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் கண்பார்வையே போய்விடலாம். பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் அல்லாத எவரிடமும் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. தீக்காயத்தின் வடுவைச் சரிசெய்வது சிகிச்சை என்றால், மருந்து விட்டுப்போன பள்ளத்தை நிரப்புவதும் சிகிச்சைதான். அந்தப் பெண்ணின் நோயை ஊருக்குச் சொன்னது அவருடைய ரிப்போர்ட் அல்ல, கன்னம்.

ஆறாம் மாதம் அவர் போட்டோவைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். ஆல்பத்தில் ஒட்ட வேண்டுமாம். கன்னம் போட்டோவில் இருந்ததுபோல் ஆகிவிடவில்லை. குழி மட்டும் மறைந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா, “இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாயா?” என்று கேட்டாராம். அப்படி யாரும் கேட்டு எத்தனையோ வருடமாகிறது என்று சொல்லிக்கொண்டே போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வணக்கம்.