இடையில் கிடக்கும் ஒரு வாரம்

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நம்மூரிற் பிறந்த சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ நாவல் 1895இல் நூலாக வெளிவந்தது. அதே காலத்தில், 1893 முதல், ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ‘விவேகசிந்தாமணி’ என்னும் மாத இதழில் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. நூலாக எழுதுபவர் கடைசி அத்தியாயத்தை முடித்தபின்னும் முதல் அத்தியாயத்தைத் திருத்தலாம். போன மாதமே வாசகர் கைக்குச் சென்றுவிட்டதைத் தொடர்கதை எழுதுபவர் என்ன செய்ய முடியும்? ‘கமலாம்பாள்’ பிற்பகுதியில் குடும்பக் கதையிலிருந்து வேதாந்தத்தின் பக்கம் சாய்வதைக் குறையென்பார் உண்டு. எனக்கோ, ஓர் இளைஞரின் மனம் மாதந்தோறும் நகர்ந்த தடம் அங்கே அழியாமல் நிற்பதாகவே தோன்றுகிறது.

எழுதுபவரைக் கட்டிப்போடும் அதே இடைவெளி வாசகருக்குப் பேச இடம் கொடுக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. மூன்றரை ஆண்டு கூடவே வந்தவர்கள், கதாபாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் விடுவார்களா? கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு விடை கூற வேண்டியதாயிற்று. இன்று அந்நாவலை ஒரே மூச்சில் வாசிப்பவருக்கு அம்முடிவுரை ஒரு பின்னிணைப்பாகத் தெரியலாம். கதையை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களுக்கு எழுதிய மறுமொழி அது.

1970களின் முற்பகுதியில் இலங்கையில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஈழத்து எழுத்துக்கும் பதிப்புக்கும் விளைந்த நன்மையை நம் விமர்சகர்கள் விரிவாகவே பேசியிருக்கிறார்கள்; நானும் அதை மறுக்கவில்லை. ஆயினும் ‘தொடரும்’ என்ற சொல்லோடு பாதிக் கதையில் நின்றுபோன வாசகரைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை.

என் பெரியம்மா தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, பழைய நாட்காட்டி மட்டையால் அட்டை போட்டு வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றில் ஓர் இதழின் பக்கங்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில், கோடிட்ட கொப்பித் தாளொன்றில், அடுத்த இதழின் முன்கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு தாமே எழுதிய ஒன்றரைப் பக்கத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார். அதன் அடியிலும் ‘தொடரும்’ என்று மறக்காமல் எழுதியிருந்தார்.