ஆளுக்கொரு யூ-போட், எல்லோருக்கும் ஒரே காலண்டர்: குழு கேம்பெயின் நடத்துவது பற்றி ஒரு விளக்கம்

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். ஆனால் இதே சிக்கல் பலருக்கும் இருக்கிறது என்பதால் முழுதாகவே வாசித்துவிடுகிறேன். "நாங்கள் ஆறு நண்பர்கள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். 'தி ஹண்டர்ஸ்' போர்டு கேமை ஆன்லைனில் குழுவாக ஆட ஆரம்பித்தோம். கொஞ்ச நாளிலேயே ஒருவர் 1942க்குப் போய்விட்டார், இன்னொருவர் 1939 டிசம்பரிலேயே நிற்கிறார். இரண்டு பேருடைய கப்பல் முதல் ரோந்திலேயே மூழ்கிவிட்டது. அவர்கள் குழுவில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். தனியாள் விளையாட்டைக் குழுவாக ஆடவே முடியாதா?"

முடியும். நன்றாகவே முடியும். நீங்கள் சொன்ன இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான்: உங்கள் குழுவுக்குப் பொதுவான காலண்டர் இல்லை.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். 'தி ஹண்டர்ஸ்' கிரெகரி ஸ்மித் வடிவமைத்த விளையாட்டு, 2013ல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்கு, அதாவது யூ-போட்டுக்கு, நீங்கள்தான் கேப்டன். 1939 செப்டம்பரில் தொடங்கி 1943 நடுப்பகுதி வரை ரோந்துக்கு மேல் ரோந்தாகப் போகணும். இந்த முழுத் தொடருக்குத்தான் கேம்பெயின் என்று பெயர். எந்தக் கடலுக்குப் போவது, வழியில் என்ன எதிர்ப்படும், நீருக்கடியில் பாயும் குண்டான டார்பிடோ பட்டதா, பட்டது வெடித்ததா, காவல் கப்பல் உங்களைக் கண்டுபிடித்ததா என எல்லாமே பகடையும் அட்டவணையும்தான். உங்கள் கையில் இருப்பது சில முடிவுகள்: எவ்வளவு நெருங்குவது, நீரின் மேலிருந்தா அடியிலிருந்தா, எத்தனை டார்பிடோ, அடித்துவிட்டு ஓடுவதா பின்தொடர்வதா.

தனியாக ஆடும்போது இது ஒரு கேப்டனின் கதை. ஆறு பேர் சேர்ந்தால் அது ஒரு படையின் கதையாக மாறணும். எல்லோரும் ஒரே மாதத்தில் இருந்தால்தான் அது நடக்கும். ஒருவர் 1942ல் அமெரிக்கக் கரையில் டேங்கர்களை அடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் 1939ல் வெடிக்காத டார்பிடோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கிறது? மூழ்கடித்த கப்பல்களின் டன் கணக்கு மட்டும்தான் மிஞ்சும். அது இரண்டே வாரத்தில் சலித்துவிடும்.

அதனால் முதல் விதி: யாரும் காலண்டரைத் தாண்டக்கூடாது. நான் சொல்லும் வேகம், ஒரு வாரத்துக்கு விளையாட்டில் இரண்டு மாதம். 1939 செப்டம்பரிலிருந்து 1943 ஜூன் வரை 46 மாதம், ஆக 23 வாரம். ஏன் இரண்டு மாதம் என்றால், ஒரு ரோந்து முடிந்ததும் கப்பல் பழுதுபார்ப்புக்கு நிற்கும். ரோந்தும் பழுதுபார்ப்புமாகச் சேர்ந்து பெரும்பாலும் இரண்டு மாதக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு ரோந்து. தூரக் கடலுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் பலத்த அடிபட்டு வந்தவர்களுக்கும் கூடுதல் மாதம் பிடிக்கும். அவர்கள் ஒரு வாரம் சும்மா இருக்க நேரும். அந்தச் சும்மா இருக்கும் வாரத்தில்தான் ஆட்கள் நழுவிப் போகிறார்கள். அதற்கு வழி பிறகு சொல்கிறேன்.

உங்களில் ஒருவர் யூ-போட் தலைமையகமாக இருக்கணும். அட்மிரல் டோனிட்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி. அவர் வேலை என்னவென்றால், ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது குழுவுக்கு ஐந்தாறு வரியில் போர் நிலவரம் எழுதிப் போடுவது. இதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள், கேம்பெயினுக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. 1940 ஏப்ரல் வரும்போது நார்வே கரையில் ஜெர்மன் டார்பிடோக்கள் வரிசையாகப் பொய்த்த கதையை எழுதுங்கள். யூ-47ன் கேப்டன் பிரீன், நங்கூரமிட்டு நின்ற கப்பல்களை நோக்கிச் சுட்டும் ஒன்றும் வெடிக்கவில்லை. பொம்மைத் துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டை போடச் சொன்னால் எப்படி என்று வெறுத்துப்போனார். அந்த வாரம் உங்கள் நண்பர்களுக்கும் டார்பிடோ பட்டும் வெடிக்காமல் போகும்போது, யாருக்கும் பகடை மேல் கோபம் வராது. வரலாற்றுக்குள் நிற்கிறோம் என்று புரியும்.

அதே ஆண்டு கோடையில் பிரான்ஸ் விழுந்து, லோரியாங் போன்ற அட்லாண்டிக் துறைமுகங்கள் ஜெர்மானியர் கைக்கு வந்தன. யூ-போட் கேப்டன்கள் 'மகிழ்ச்சியான காலம்' என்று சொன்னது அதற்கடுத்த மாதங்களைத்தான். குழுவில் எல்லோருடைய டன் கணக்கும் ஒரே நேரத்தில் ஏறும், குழு கலகலப்பாக இருக்கும். அப்புறம் 1941 மார்ச். பிரீன் திரும்பவில்லை. மார்ச் 17 இரவில் ஒரே கான்வாயைச் சுற்றி, அதாவது காவலோடு போன வணிகக் கப்பல் கூட்டத்தைச் சுற்றி, நடந்த சண்டையில் ஷெப்கே இறந்தார், கிரெட்ஷ்மர் பிடிபட்டார். ஒரே மாதத்தில் புகழ்பெற்ற மூன்று கேப்டன்கள் போய்விட்டார்கள். தலைமையகம் அந்தச் செய்தியைப் போடும்போது ஆறு பேரும் ஒரே மாதத்தில் இருக்கணும். அதுதான் நான் சொல்ல வருவது.

சரி, மூழ்கியவர்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் கப்பல் போவது சகஜம். உண்மையிலும் அப்படித்தான், யூ-போட்களில் கடலுக்குப் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் திரும்பவில்லை. தனியாக ஆடினால் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம். குழுவில் அப்படி விட்டால் அவர் வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்வார். ஆகவே மூழ்கியவர் அடுத்த கட்டத்திலேயே புதிய கேப்டனாக, புதிய கப்பல் எண்ணோடு வரட்டும். பழைய கேப்டன் சேர்த்த டன் அந்தப் பழைய பெயரிலேயே பட்டியலில் நிற்கட்டும், புதியவருக்கு மாற்றித் தராதீர்கள். அனுபவம் சேர்த்த மாலுமிகளும் பழைய கப்பலோடு போய்விட்டார்கள், புதுக் குழுவோடுதான் தொடங்கணும். இழப்புக்கு எடை இருக்கும், ஆளும் வெளியேற மாட்டார். முடிவில் நீங்கள் கணக்கு எழுதும் ஷீட்டில் ஆறு பேருக்குப் பதினைந்து கேப்டன்கள் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பழுதுபார்ப்பில் நிற்பவரையும் மூழ்கி முடித்துக் காத்திருப்பவரையும் எப்படி உள்ளே வைத்துக்கொள்வது? அவர்களிடம் எஸ்கார்ட்டைக் கொடுங்கள். அதாவது, அந்த வாரம் வேறொருவர் கான்வாயை அடிக்கும்போது, காவல் கப்பலின் பகடையை இவர்தான் உருட்டுவார். கண்டுபிடிப்புப் பகடை, டெப்த் சார்ஜ் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) சேதம் எல்லாம் இவர் கையில். விளையாட்டின் விதி எதையும் மாற்றத் தேவையில்லை, யார் உருட்டுவது என்பது மட்டும்தான் மாறுகிறது. ஆனால் அந்த இரவின் முகமே மாறிவிடும்.

ஒரு காட்சி சொல்கிறேன். 1940 அக்டோபர், பிரிட்டிஷ் தீவுகளுக்கு மேற்கே ஒரு ரோந்து. வழியில் என்ன எதிர்ப்படும் என்ற பகடையில் கான்வாய் விழுகிறது: நான்கு கப்பல், காவலோடு. இரவு. உங்கள் நண்பர் நீரின் மேல் மிதந்தபடியே நெருங்கி அடிக்க முடிவு செய்கிறார். முன்குழாய் நான்கிலும் டார்பிடோ இருக்கிறது. இரண்டைப் பெரிய சரக்குக் கப்பலுக்கும் இரண்டை டேங்கருக்கும் பிரிக்கிறார். சரக்குக் கப்பலில் இரண்டும் பட்டு ஒன்று வெடிக்கவில்லை, டேங்கரில் ஒன்று பட்டு அது மூழ்குகிறது. இப்போது எல்லோரும் அமைதி. ஏனென்றால் அடுத்த பகடை, போன வாரம் கப்பலை இழந்த நண்பர் கையில். கண்டுபிடித்துவிட்டார். டெப்த் சார்ஜ். நீர் உள்ளே வருகிறது, சேதத்தைக் குறிக்கும் தாளில் ஒரு பெட்டி நிரம்புகிறது, இரண்டு பெட்டி. மறுபடி உருட்டுகிறார். குரல் அழைப்பில் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். இதைத் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து பெறவே முடியாது.

பகடையில் நம்பிக்கைப் பிரச்சினை வருமா என்று சிலர் கேட்பார்கள். எல்லாப் பகடையையும் பொதுவில் உருட்டச் சொன்னால் ஒரு ரோந்துக்கு ஒரு ராத்திரி போய்விடும். டார்பிடோ பட்டதா, வெடித்ததா, எஸ்கார்ட் கண்டுபிடித்ததா, இந்த மூன்றை மட்டும் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் பகடை உருட்டித் தரும் பாட் (bot) வழியாக எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். மற்றதை அவரவர் வீட்டில் உருட்டி எழுதிக்கொள்ளட்டும். தாயம் ஆடும் திண்ணையில் காய் நகர்த்துவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், தாயக்கட்டை உருளும் நொடியில் மட்டும் எல்லாக் கண்ணும் அங்கே இருக்கும், அதே கணக்குதான். பலகையையும் பொதுவில் பார்க்கணும் என்றால், போர்டு கேம்களைக் கணினியில் ஆட உதவும் 'வாசல்' (VASSAL) என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். ஆனால் ஒரு கூகுள் ஷீட்டும் வாட்ஸ்அப் குழுவும் இருந்தால் தாராளமாகப் போதும்.

அடுத்து ஓநாய்க் கூட்டம், அதாவது யூ-போட்கள் பல சேர்ந்து ஒரே கான்வாயை வேட்டையாடுவது. குழுவாக ஆடுகிறோம், ஒருவருக்கொருவர் உதவ வழியே இல்லையா என்று கட்டாயம் கேட்பார்கள். விளையாட்டில் நாமாகச் சேர்க்கும் விதி இது. ஒருவருக்குக் கான்வாய் கிடைத்தால், அதே மாதம் அதே கடற்பகுதியில் ரோந்தில் இருக்கும் மற்றவர்களைக் கூப்பிடலாம். கூப்பிடப்பட்டவர் ஒரு பகடை உருட்டி 1 அல்லது 2 விழுந்தால் வந்து சேருவார். அதிகபட்சம் இரண்டு பேர். 1940 இலையுதிர் காலத்துக்கு முன் வேண்டாம். போர் தொடங்கியபோது ஜெர்மனியிடம் இருந்தவை மொத்தமே 57 யூ-போட், அதில் அட்லாண்டிக்குக்குத் தகுதியானவை இன்னும் குறைவு, கூட்டமாக வேட்டையாட ஆளில்லை. 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 கான்வாயில் 35 கப்பலில் 20 மூழ்கியது இந்த முறையில்தான்.

ஆனால் இலவசமாகக் கூப்பிட விடாதீர்கள். கூப்பிடுவது என்றால் ரேடியோ. யூ-போட் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் அந்த அலை வந்த திசையைப் பிடிக்கும் கருவி போர் போகப் போகக் காவல் கப்பல்களிலேயே ஏறிவிட்டது, சங்கேதச் செய்திகளையும் பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. எனவே கூப்பிட்டவருக்கு எஸ்கார்ட் கண்டுபிடிப்புப் பகடையில் ஒன்று கூட்டுங்கள். 1943லிருந்து இரண்டு. நண்பனுக்கு டன் சேர்த்துத் தர நான் ஆபத்தை ஏற்பதா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. எனக்கு இந்தக் கேம்பெயினில் மிகவும் பிடித்த விதி இது.

இன்னொன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். நாம் இங்கே உட்கார்ந்திருப்பது ஹிட்லரின் கடற்படைக் கப்பலில். குழுவில் ஸ்வஸ்திகா படம், வாழ்த்துக் கோஷம் எதுவும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம் என்று முதல் நாளே எழுதிப் போட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், மூழ்கும் கப்பலில் இருந்தவர்களை மறக்காமல் ஆடுவது. இந்த விளையாட்டின் இலக்குப் பட்டியலில் இருப்பவை உண்மையான கப்பல்களின் பெயர்களும் அவற்றின் டன்னும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு ஒரு கப்பலை ஒருவர் தேர்ந்தெடுத்து, அது உண்மையில் எங்கே போனது, யார் இருந்தார்கள் என்று தேடி நாலு வரி எழுதணும். யூபோட்.நெட் தளத்தில் தாக்கப்பட்ட நேச நாட்டுக் கப்பல்களுக்குத் தனித்தனிப் பக்கமே இருக்கிறது.

தேட ஆரம்பித்தால் நம் ஆட்களையும் சந்திப்பீர்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள், கொதிகலன் அறையிலும் சமையலறையிலும் தளத்திலும். ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 'சிட்டி ஆஃப் பனாரஸ்' என்ற 11,081 டன் கப்பலை 1940 செப்டம்பரில் யூ-48 அடித்தது. ஜெர்மன் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 பிள்ளைகள் அதில் இருந்தார்கள், 77 பேர் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களிலும் நிறையப் பேர் அந்தக் குளிரில் படகுகளிலேயே உயிர்விட்டார்கள். ஷீட்டில் 11,081 என்று ஒரு எண் எழுதுவதற்கும் இதைத் தெரிந்துகொண்டு எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

வெற்றி தோல்வியை எப்படி முடிவு செய்வது? மொத்த டன்னை மட்டும் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால், முதல் கேப்டனோடே கடைசி வரை தப்பியவர்தான் ஜெயிப்பார், நடுவில் மாறியவர்களுக்கு ஆர்வம் போய்விடும். ரோந்து ஒன்றுக்குச் சராசரி டன் என்று ஒரு பட்டியலும், எத்தனை ரோந்து முடித்துத் திரும்பினார் என்று இன்னொன்றும் வையுங்கள். கிரெட்ஷ்மர் போர் பாதியைத் தொடும் முன்பே பிடிபட்டார், இருந்தும் மூழ்கடித்த டன் கணக்கில் போர் முடியும் வரை அவரை யாரும் தாண்டவில்லை.

கடைசிக் கட்டமான 1943 மே, ஜூனை மட்டும் எல்லோரும் ஒரே இரவில் ஒன்றாக ஆடுங்கள். அந்த மே மாதத்தில் மட்டும் 41 யூ-போட் போயின, 24ஆம் தேதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து கப்பல்களை விலக்கினார். உங்கள் ஷீட்டிலும் அந்த வாரம் விமானத் தாக்குதல் மேல் தாக்குதலாக வரும். யாராவது துறைமுகம் வந்து சேருவதைக் கேட்க ஆறு பேரும் இருக்கணும்.

உங்கள் குழுவுக்கு இப்போதே செய்யவேண்டியது: 1942ல் இருப்பவரைத் திரும்பக் கூப்பிட்டு, எல்லோரும் 1940 ஜனவரியில் நில்லுங்கள். அவர் சேர்த்த டன் போகட்டும், கேட்டால் ஒப்புக்கொள்வார். மூழ்கிய இருவரிடமும் இந்த வாரமே எஸ்கார்ட் பகடையைக் கொடுத்துவிடுங்கள். ஷீட்டில் வேண்டிய கட்டங்கள் இவை: மாதம், கடற்பகுதி, கப்பல் எண், இலக்கின் பெயர், டன், செலவான டார்பிடோ, சேதம், எந்த மாதம் மறுபடி தயார். இந்த எட்டும் போதும்.